மூன்றாம் வில்லை

குமாசி, கானா
14 மார்ச் 1987

அடேய் செனியோ,

இந்தக் கடிதத்தோடு வரும் ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து, மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுவிடாதே. பேரியம் இருக்கிறது, செத்துப்போவாய். கொண்டுவருகிற அம்மாள் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள். லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். உள்ளே என்ன என்று கேட்டாள். கல் என்றேன். "இங்கிலாந்துல கல்லு கிடைக்காதாமா?" என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வில்லைகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுச் சுற்றியிருக்கிறேன். சட்டைப் பொத்தான் அளவு, கறுப்பு. லாந்தனம், பேரியம், செம்பு. ஆம், நீ நினைப்பதேதான். சுவிட்சர்லாந்துச் செய்தி எங்களுக்கும் எட்டிவிட்டது, சில மாதம் பிந்தி. மட்பாண்டம் போன்ற ஒரு பொருளில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது என்று படித்ததும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகச் செம்மண்ணின் காந்தத்தை அளந்துகொண்டிருப்பவன் நான். இந்த மீகடத்தல் ஆராய்ச்சி பணக்கார நாடுகளின் சமாசாரம் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். ஆனால் மட்பாண்டத்துக்கு ஒரு சூளை போதுமே! சூளை கட்ட சுவாமே பட்டறைப் பேட்டையில் ஆளா இல்லை? லாரி எஞ்சினைப் பிரித்துப் போடுகிற மெக்கானிக் ஒருவர் மூன்றே வாரத்தில் கட்டிக்கொடுத்தார். ஆக்சிஜன், வெல்டிங் பட்டறை சிலிண்டரிலிருந்து.

செய்முறை: பேரியம் 0.17. எல்லாரும் 0.15 போடுகிறார்கள் என்று தெரியும். என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது, கலந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். நாம் இருவரும் இங்கிலாந்திலிருந்து சுமந்து வந்த அகேட் கல் உரலில் மூன்று முறை அரைத்தேன். தொள்ளாயிரம் டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேகவைத்தேன்.

இதைச் சோதிக்க மைனஸ் இருநூற்று நாற்பது டிகிரிக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். திரவ ஹீலியம் இந்த நாட்டில் ஒரு சொட்டு கிடையாது. உன் ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திறந்தால் வருகிறது. மீகடத்தல் இருக்கிறதா, காந்தத்தில் எப்படி நடந்துகொள்கிறது, இரண்டையும் பார்த்துச் சொல்.

நீ கிளம்பிய அன்று அக்ரா விமான நிலையத்தில் நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? "இங்க இருந்து என்னத்தடா கிழிக்கப் போற? ஃபுஃபு மாவு இடிக்கிற உலக்கையால பிசிக்ஸ் இடிப்பியா?" என்றாய். எண்பத்து மூன்று. பஞ்சத்தில் எல்லாருக்கும் கழுத்தெலும்பு தெரிந்த வருஷம். பசியில் பேசினாய் என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷ விடுப்பில் போனவன் நாலு வருஷமாக வரவில்லை. அதையும் விட்டுவிட்டேன். இந்த மூன்று பொத்தானை மட்டும் அளந்து சொல்.

வீட்டில் செர்வாவும் மகளும் நலம்.

உன்,
சார்ப்போங்

•

ஆல்டர்பி, இங்கிலாந்து
2 மே 1987

அன்புள்ள சார்ப்போங்,

கடிதமும் டப்பாவும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதம். இங்கே எல்லாரும் பைத்தியம் பிடித்தவர்கள் போல ஆய்வுக்கூடத்திலேயே படுத்து எழுந்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு புதுச் செய்தி. உன் லாந்தனம் இப்போதே பழசாகிவிட்டது.

முதல் வில்லை வழியிலேயே பொடியாகிவிட்டது. மற்ற இரண்டையும் அளந்தேன். சொல்லும்படியாக ஒன்றுமில்லை. கொஞ்சம் மீகடத்தல் தெரிகிறது, ஆனால் மிகவும் பலவீனம். இதைவிடப் பத்து மடங்கு நல்ல மாதிரிகளை இங்கே மாணவர்களே செய்கிறார்கள். மனம் தளராதே. உன் வசதியில் இவ்வளவு செய்ததே பெரிது. ஆனால் இதில் மேலும் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உன் பெண்ணுக்குக் காலணி (அளவு தெரியாமல் இரண்டு ஜோடி), செர்வாவுக்குத் துணி, பால் மாவு, உனக்கு ஒரு ஸ்வெட்டர். குமாசியில் ஸ்வெட்டர் எதற்கு என்று வாங்கிய பிறகுதான் தோன்றியது. யாருக்காவது கொடுத்துவிடு.

செப்டம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை. வீட்டில் லிஸிக்கும் வேலை இல்லை. இதை எதற்கு உன்னிடம் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

அன்புடன்,
செனியோ

•

குமாசி
30 ஜூன் 1987

அன்புள்ள செனியோ,

பார்சல் வந்தது. காலணி இரண்டு ஜோடியும் சின்னது. பக்கத்து வீட்டுப் பெண்கள் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நன்றி.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேராகச் சொன்னதற்கும் நன்றி. அவசரப்பட்டு டீனிடம் உளறிவிட்டேன். 'நம் சூளையில் வெந்த பொருள் இங்கிலாந்தில் குளிர்ந்துகொண்டிருக்கிறது' என்று அவர் செனட் கூட்டத்தில் பேசிவிட்டார். இப்போது சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்தால், "என்ன டாக்டர், ரொட்டி நல்லா வெந்துச்சா?" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

சூளையை மட்பாண்டத் துறைக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பூச்சாடி சுடுகிறார்கள். நான் செம்மண்ணுக்குத் திரும்பிவிட்டேன்.

மிச்சமிருக்கும் இரண்டு வில்லையும் உனக்குத் தேவைப்படாது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. மேசையில் வைத்துக்கொள்வேன்.

உன்,
சார்ப்போங்

•

ஆல்டர்பி
12 டிசம்பர் 1987

அன்புள்ள சார்ப்போங்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன். வில்லை இரண்டும் எங்கோ கைதவறிவிட்டன, மன்னித்துவிடு. எல்லாருக்கும் அன்பு.

செனியோ

•

குமாசி
20 பிப்ரவரி 1989

டாக்டர் செனியோ அவர்களுக்கு,

எங்கள் நூலகத்துக்கு ஆய்விதழ்கள் கப்பலில் வருகின்றன. தேமா துறைமுகத்தில் சில மாதம் கிடக்கின்றன. ஆகவே தாங்கள் எண்பத்தேழில் வெளியிட்ட கட்டுரையை நான் போன திங்கட்கிழமைதான் படித்தேன்.

மீகடத்தலும் காந்தமும் ஒரே பொருளில் ஒன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறீர்கள். ஒன்று இருக்கும் வீட்டில் மற்றது குடியிருக்காது என்றுதான் நாம் இருவரும் படித்தோம். பெரிய கண்டுபிடிப்பு. வாழ்த்துகள்.

மாதிரியில் பேரியம் 0.17 என்று போட்டிருக்கிறீர்கள். உலகத்தில் வேறு யாரும் அந்த அளவு போடவில்லை. போட்டவனின் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

'சொல்லும்படியாக ஒன்றுமில்லை' என்று தாங்கள் எனக்கு எழுதிய தேதி மே 2. கட்டுரை பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதி ஏப்ரல் 27. முதல் பக்கத்தின் அடியில் அச்சடித்திருக்கிறார்கள்.

இறுதியில் ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் வில்மாட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். ஹீலியம் ஊற்றிய உதவியாளருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பொறுமைக்காக மனைவிக்கும் சொல்லியிருக்கிறீர்கள். பட்டியலை நான்கு முறை படித்தேன்.

இப்படிக்கு,
சா. அம்பொன்சா

•

ஆல்டர்பி
8 ஜூலை 1989

சார்ப்போங்,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு காலை நேரம். உன் மூன்றாவது வில்லை குளிர்ந்துகொண்டிருந்தது. அளவுக் கருவியின் பேனா தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. முதலில் காந்தம் எழுந்தது. அது அடங்காமல் இருக்கும்போதே, இன்னும் குளிர்ந்ததும், மீகடத்தலும் வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்போது வில்மாட் உள்ளே வந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது யாரோட மாதிரி?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை. அதற்கு முந்தின நாள்தான் என் ஒப்பந்தம் நீளாது என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சாயங்காலம் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் அவர் மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். மறுநாள் திருத்துவது முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் அப்படியே. உனக்கு அந்த மே மாதக் கடிதத்தை எழுத உட்கார்ந்தவன், எழுந்து கடைக்குப் போய்க் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாங்கினேன். ஸ்வெட்டர் வாங்கியது அதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் கண்டதை வேறு யாராலும் காண முடியவில்லை. ஜப்பானில் செய்து பார்த்தார்கள், ஜெர்மனியில் செய்து பார்த்தார்கள், இல்லை என்கிறார்கள். உன் வில்லைகள் நிஜமாகவே தொலைந்துவிட்டன; நானே நாற்பது வில்லை செய்துவிட்டேன், உன் அளவிலேயே. மீகடத்தல் வருகிறது, காந்தம் வரவில்லை. எடுத்த பொருளைத் திருப்பிச் செய்யத் தெரியாத திருடன் நான். நீ எப்படிச் செய்தாய்? ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல். பதில் போடாமல் இருக்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

செனியோ

•

குமாசி
3 செப்டம்பர் 1989

டாக்டர் செனியோ அவர்களுக்கு,

செய்முறை என் 14-3-87 கடிதத்தில் உள்ளபடியே. அகேட் உரல், மூன்று முறை. சேர்க்கவோ நீக்கவோ ஒன்றுமில்லை.

சா. அம்பொன்சா

•

ஆல்டர்பி
19 ஜனவரி 1990

சார்ப்போங்,

உன் மூன்று வரி கிடைத்தது. மேற்கொண்டு எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

கட்டுரையிலுள்ள அந்தக் கோட்டை நான் கையால் வரைந்தேன் என்று ஜெர்மன்காரர் ஒருவர் மாநாட்டில் மறைமுகமாகச் சொல்லிவிட்டார். துறையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வில்மாட்டிடம் போய், மாதிரி என்னுடையது அல்ல, குமாசியில் என் நண்பன் செய்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு வருஷமா உன்னோடதுன்னு சொன்ன. இப்ப கப்பல் மூழ்குறப்போ ஆப்பிரிக்காவுல ஒருத்தன் தலையில கட்டுற. அதுவும் உன் ஊர்க்காரன் தலையில" என்றார். உண்மையைச் சொன்ன ஒரே தடவை, அதைவிட இழிவான பொய்யாகப் போய்விட்டது.

நான் திருடினேன். ஆனால் கோட்டை வரையவில்லை. அது தானாகத்தான் விழுந்தது. அதை உலகத்தில் ஒருவராவது நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஒருவர் நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு முகம் இல்லை.

மார்ச்சில் ராஜினாமா கொடுத்துவிடுவேன்.

செனியோ

•

குமாசி
11 பிப்ரவரி 1990

செனியோ,

ராஜினாமா கொடுக்காதே. இதை முதலில் படி.

கோடு தானாகத்தான் விழுந்தது. எனக்குத் தெரியும். உன் கட்டுரையை நூலகத்தில் நின்றுகொண்டே படித்த அன்று, இரண்டாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அகேட் உரல் எண்பத்து நாலில் உடைந்தது. நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அலமாரியிலிருந்து எடுக்கும்போது என் கையிலிருந்துதான் விழுந்தது. வேறு வாங்க வழி இல்லை. பீங்கான் உரலில் அரைத்துப் பார்த்தேன், நைசாக வரவில்லை. வீட்டில் செர்வா நிலக்கடலை அரைக்கிற கை மில் இருந்தது. இரும்புத் தகடு இரண்டு, கைப்பிடி ஒன்று. அவள் தன் தங்கை பிரசவத்துக்கு மாம்போங் போயிருந்தபோது அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, லாந்தனத்தையும் பேரியத்தையும் செம்பையும் அதில் போட்டு அரைத்தேன். முதல் இரண்டு வில்லைக்கும் மாவு சரியாக இருந்தது. மூன்றாவதற்குப் போதவில்லை. வீணாகக் கூடாதென்று தகட்டில் ஒட்டியதையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்துச் செய்தேன்.

அந்தத் தகடு, பாதை பிரிகிற இடத்துப் பழைய தண்டவாளத் துண்டை உருக்கி வார்த்தது. தேயாமல் இருக்க அந்த இரும்பில் மாங்கனீசு நிறையக் கலந்திருப்பார்கள். லாந்தனமும் பேரியமும் மாங்கனீசும் ஒரே சூளையில் வெந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். நம் படிப்பே அதில்தான். காந்தம்தான் வரும். மீகடத்தல் வில்லையின் ஒரு துகளில், காந்தம் பக்கத்துத் துகளில். ஒரே வீட்டில் இரண்டும் குடியிருக்கவில்லை. அடுத்தடுத்த வீடு.

உலக்கையால் இயற்பியல் இடிப்பாயா என்று நீ கேட்டிருந்தாய். கடலை மில்லில் அரைத்தேன் என்று உனக்கு எப்படி எழுதுவேன்? அகேட் என்று எழுதினேன். எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. உரல் இருந்திருந்தால் அதில்தானே அரைத்திருப்பேன் என்று தோன்றியது.

போன செப்டம்பரில் எழுதியது அப்படி அல்ல. நீ நாற்பது வில்லை செய்து தோற்றாய் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, செனியோ. உடம்பெல்லாம் சூடாகும்படியான சந்தோஷம். நீ என் பொருளைத் திருடினாய், அதற்குள் இருந்த அழுக்கையும் சேர்த்தே திருடினாய், இனி அது உன்னைத் தின்னட்டும் என்று நினைத்தேன். மூன்று வரி எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டு, வழியில் சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் ஜனவரிக் கடிதத்தைச் செர்வா படித்தாள். நான் மேசையில் விட்டிருந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மில் விஷயத்துக்குத்தான் கத்தினாள். "விஷத்த அரைச்ச மில்லுலயா மூணு வருஷமா பிள்ளைக்குக் கடலை அரைச்சுக் குடுத்தேன்?" நன்றாகக் கழுவினேன் என்றேன். கழுவியது உண்மை. ஆனால் அவளுக்குச் சொல்லாததும் உண்மை. கடைசியில், "அவரு திருடினாரு, சரி. நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எழுந்து போய்த் திருப்புளியைத் தேடி எடுத்தேன்.

தகடு இரண்டையும் கழற்றி அனுப்பியிருக்கிறேன். சுரண்டி, அளந்து பார். விசாரணைக்காரர்களிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. திருட்டுக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

சார்ப்போங்

•

ஆல்டர்பி
6 மே 1990

சார்ப்போங்,

தகடுகள் வந்தன. பத்து நாளில் அளந்து முடித்துவிட்டேன். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மாங்கனீசு. சுரண்டலை வேண்டுமென்றே கலந்து ஒரு வில்லை செய்தேன். அதே கோடு, ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது. வில்மாட் வந்து பார்த்தார். என் தோளைத் தொட வந்த கையை நடுவழியில் இழுத்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

மூன்று வருஷமாக இத்தனை பேர் துரத்தியது கடலை மில்லின் தேய்மானத்தை. நான் திருடியது ஒன்றுமே இல்லாத ஒன்று. ஒன்றுமில்லை என்று மே மாதம் உனக்கு எழுதியது மட்டும்தான் தெரியாமலே உண்மையாகிவிட்டது.

நான் போலியாகச் செய்யவில்லை என்று விசாரணை ஒப்புக்கொண்டது. மாதிரியைப் பற்றிப் பொய் சொன்னதற்காகச் செப்டம்பரோடு போகச் சொல்லிவிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்று ஒரு குறிப்பு வெளியிட வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

'அக்கட்டுரையில் கூறிய மாதிரியை நான் தயாரிக்கவில்லை. கானாவிலுள்ள ஒரு சக ஆய்வாளர் தயாரித்து அனுப்பினார். அதை நான் மறைத்தேன். காந்தத்தன்மை, தயாரிப்பின்போது கலந்த மாசு காரணமாக ஏற்பட்டது. மீகடத்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.'

உன் பெயரைப் போடட்டுமா? மூன்று நாளாக இதில்தான் நிற்கிறேன். போடாவிட்டால் இரண்டாவது முறையும் உன்னை மறைத்தவன் ஆவேன். போட்டால், அந்தப் பத்திரிகையில் உன் பெயர் முதன்முதலாக அழுக்கோடு சேர்ந்து அச்சாகும். இதற்கு நான்தான் காரணம் என்பதால் முடிவை உன்னிடம் விடுகிறேன். அதுவும் கோழைத்தனமோ என்னவோ.

செனியோ

•

குமாசி
2 ஜூன் 1990

செனியோ,

பெயரைப் போடு.

உன் குறிப்பில் ஒரு வாக்கியம் சரியில்லை. 'தயாரிப்பின்போது கலந்த மாசு' என்று எழுதியிருக்கிறாய். மாசு தானாக நடந்து வந்து கலக்கவில்லை. 'குமாசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சார்ப்போங் அம்பொன்சா இரும்பு மில்லில் அரைத்துவிட்டு, அகேட் உரலில் அரைத்ததாகத் தெரிவித்திருந்தார்' என்று எழுது. என் பங்கை மழுப்பாதே. உன் வாக்கியம் முதலில் வரட்டும், என்னுடையது அடுத்து.

பத்திரிகை கப்பலில் வந்து சேரும்வரை இங்கே யாருக்கும் தெரியாது, ஒரு வருஷமாவது நிம்மதி என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே பிடிக்காமல் போய், நேற்று டீனிடம் நானாகப் போய்ச் சொன்னேன். உரலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவர் கவனமாகக் கேட்டார். பத்திரிகையின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "நம்ம யுனிவர்சிட்டி பேரு அதுல வருதா?" என்றார். வருகிறது என்றேன். "எந்த மாசம்?" என்றார். ஆண்டறிக்கையில், ஆசிரியர்களின் வெளியீடுகள் என்ற தலைப்பில் சேர்த்துவிடலாம் என்று காகிதத்தை எடுத்துவிட்டார். ஐயா, அது தப்பை ஒப்புக்கொள்கிற குறிப்பு என்றேன். "இருந்தா என்னய்யா, பத்து வருஷத்துல இதுதான் வந்திருக்கு" என்றார்.

அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சி, எழுதியதை என் கண் முன்னாலேயே அடிக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடந்து போன மாணவர்கள் வணக்கம் சொன்னார்கள். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னேன்.

செப்டம்பருக்குப் பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று நீ எழுதவில்லை. இங்கே உன் பழைய இடம் இன்னும் நிரப்பப்படாமல்தான் இருக்கிறது. நீ விண்ணப்பித்தால் நான் சிபாரிசும் செய்ய மாட்டேன், குறுக்கேயும் நிற்க மாட்டேன். செர்வாவிடம் இதைச் சொன்னேன். "வந்தா சாப்பாடு போடுவேன். உங்க பக்கத்துல உக்காரச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கும் சம்மதம்தான். எங்கே உட்காருவாய் என்பதை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சார்ப்போங்